கொறடாவுக்கு எதற்கு நெறி?

மதுரை புதுநத்தம் சாலையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, அந்தப் பக்கத்து டீக்கடைகளில் அரசியலமைப்புச் சட்டம் நன்றாகப் புழங்குகிறது. எல்லாம் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். போன வாரம் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "வாக்கெடுப்புக்கு ஆளுங்கட்சி உறுப்பினர்களைத் திரட்டுறவர் யாரு?" "அரசுத் தலைமை நெறியாளர்."

எனக்கு டீ புரையேறியது. "தம்பி, அது யாருப்பா?" என்றேன்.

"விப்புண்ணே. நோட்ஸ்ல இப்படித்தான் போட்டிருக்கு."

கொறடாவை இப்படி 'நெறியாளர்' ஆக்குவது இதோடு மூன்றாவது தடவை. முதலில் ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்து கேட்டேன், அப்புறம் ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டில் பார்த்தேன், இப்போது டீக்கடையில். நான்காவது தடவை கேட்பதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் இது.

கொறடா தமிழ்ச்சொல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இரண்டுக்கும் சாட்டை என்றே பொருள். நம் வாயில் 'ர' போய் 'ற' ஆனது. தச்சர் கையிலிருக்கும் கொறடு வேறு. அது குறடு, நல்ல தமிழ். ஆங்கில 'விப்' வேட்டைக்களத்திலிருந்து வந்தது. நரி வேட்டையில் கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டையோடு திருப்பி ஓட்டிவர ஓர் ஆள் இருப்பான், அவன் பெயர் 'விப்பர்-இன்'. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அங்கே ஆளுக்கும் 'விப்', அவர் கட்சி உறுப்பினர்களுக்கு அனுப்பும் உத்தரவுத் தாளுக்கும் 'விப்'. தாளில் எத்தனை கோடு அடிக்கோடிட்டிருக்கிறதோ அத்தனை கண்டிப்பு. மூன்று கோடு என்றால் வந்தே தீர வேண்டும். தமிழில் ஆள் கொறடா, தாள் கொறடா உத்தரவு. ஆங்கிலத்தை விடத் தெளிவு. ஆனால் தொலைக்காட்சியின் அடிவரியில் 'கொறடா பிறப்பிக்கப்பட்டது' என்று ஓடுகிறது. பிறந்தது ஆணா பெண்ணா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

சரி, நெறியாளருக்கு வருகிறேன். முதல் சங்கடம், அந்த நாற்காலியில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு நெறியாளர் என்றால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர். ராத்திரி ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி பார்க்கிறவர்களுக்கு நெறியாளர் என்றால் நான்கு பேரைக் கத்தவிட்டு, ஐந்தாவதாகத் தானும் கத்துகிறவர். மூன்றாவதாகச் சட்டமன்றத்திலும் ஒருவர் எதற்கு?

அது சின்ன விஷயம். பெரிய விஷயம், நெறி என்ற சொல்லையே இது கெடுக்கிறது. நெறி என்றால் வழி, அதுவும் நல்ல வழி. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு நெறி எது? பதவியேற்கும்போது அவர் எடுக்கும் உறுதிமொழி மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் மேல் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன் என்கிறார். கட்சியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கட்சி வருவது பத்தாம் அட்டவணையில், 1985இல் 52வது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில். அங்கேயும் 'விப்' என்ற சொல் இல்லை. கட்சி இடும் பணிப்புக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விலகி நின்றாலோ, 15 நாளுக்குள் கட்சி பொறுத்துக்கொள்ளாவிட்டால் பதவி போகும், அவ்வளவுதான். பிரிட்டனில் மூன்று கோட்டை மீறினால் கட்சி வெளியே அனுப்பலாம், தொகுதி கையில் இருக்கும். இங்கே தொகுதியே போய்விடும். இதற்குப் பெயர் நெறியா?

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1967இல் அரியானாவில் ஒருவர் இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறி, 'ஆயா ராம், கயா ராம்' என்ற பெயரையே நாட்டுக்குக் கொடுத்தார். தாவலைத் தடுக்கப் போட்ட வேலி பிறகு பயிரையும் மேய்ந்துவிட்டது. எதிர்த்து வாக்களித்தால் பதவி போகும் என்ற நிலையில்தான், 1988இல் 59வது திருத்தம் பஞ்சாபில் நெருக்கடி நிலையின்போது 21ஆம் உறுப்பை, அதாவது உயிர் வாழும் உரிமையையே, நிறுத்திவைக்க வழி செய்தது. அடுத்து வந்த ஆட்சி 63வது திருத்தத்தால் அதை நீக்கியது என்பது வேறு. 1992இல் உச்ச நீதிமன்றம் கட்சித் தாவல் தடைச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதே, ஆட்சியின் உயிரைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கும் மட்டும் இந்தப் பணிப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று கோடு கிழித்தது. கேட்டவர் யார்? எப்படி வாக்களிப்பது என்று தாளில் வந்துவிடும் என்றால் மசோதாவை எவர் படிப்பார்? படிக்காமலே ஐந்து வருடம் ஓட்டலாம். எம்.எல்.ஏ.க்களுக்கு விஷயஞானம் குறைந்துபோச்சு என்று டீக்கடையில் புலம்புகிறோம். பரீட்சையே இல்லாத பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை படிக்கும்?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017இல் அரசுத் தலைமைக் கொறடா கொடுத்த புகாரில் 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஆண்டிபட்டி, பெரியகுளம், நிலக்கோட்டை, மானாமதுரை எல்லாம் அதில் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது. அப்புறம் 2019 ஏப்ரல் 18இல் மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல் வந்தது. அன்றைக்குத்தான் மதுரையில் சித்திரைத் தேரோட்டம். இங்கே வாக்குப்பதிவை ராத்திரி எட்டு மணி வரை நீட்டினார்கள். கொறடா என்றால் ஆண்டிபட்டிக்காரருக்கு உடனே விளங்கும். 'நெறியாளர் புகார் கொடுத்தார்' என்று சொல்லிப் பாருங்கள், எந்தச் சேனல் என்று கேட்பார்.

தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. அறுவடை முடிந்த கொல்லைகளில் திருமங்கலம் பக்கம் ஆட்டுக்கிடை போடுவார்கள். மேய்ப்பர்களின் தலைவரான கீதாரி வரப்பில் நின்றபடி குரல் மட்டும் கொடுப்பார்: "ஏலேய், அந்த வெள்ளாட்டை மடக்கு!" தொரட்டியோடு ஒரு பையன் குறுக்கே ஓடுவான். ஆடு ஒரு நொடி நின்று பார்க்கும், பக்கத்துப் பருத்தியையும் பார்க்கும், திரும்பிவிடும். நரி வேட்டைக்காரன் செய்ததும் இதையேதான். எனவே மடக்குநர். பொருள் இம்மி பிசகாது. உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் நான் வற்புறுத்தவில்லை. ஆளுக்குக் கொறடா இருக்கட்டும், தாளுக்குக் கட்சி ஆணை என்று எழுதினால் போதும். சாட்டையைப் பட்டுத்துணியில் சுற்றி நெறி என்று நீட்டுகிற மொழிபெயர்ப்புதான் ஆகாது.

இதில் பாதியைத்தான் அந்தப் பையன்களிடம் சொன்னேன். ஒருவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பரீட்சைல எதைண்ணே போடுறது?" என்றான்.

"கொறடான்னே போடு தம்பி."

"ஆப்ஷன்ல நெறியாளர்னு மட்டும் இருந்தா?"

மற்றவன் முந்திக்கொண்டான். "பக்கத்துல இங்கிலீஷ்ல இருக்கும்டா, அதைப் பாத்துப் போடு. சந்தேகம்னா இங்கிலீஷ்தான் முடிவுன்னு கொஸ்டின் பேப்பர்லயே போட்டிருக்கானே."