‘மறந்துவிடு’ என்றால் மூளைக்குப் புரியாது

கத்திமுனையிலிருந்தோ பாலியல் தாக்குதலிலிருந்தோ உயிர் பிழைத்து வந்தவரிடம் வீட்டார் சொல்வது, “நடந்ததை மறந்துடும்மா.” அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூளையால் செய்ய முடியாத வேலை அது.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த நொடியில், மூளைக்குள் பாதாம் பருப்பு அளவேயுள்ள அமிக்டலா என்ற பகுதி முழித்துக்கொள்கிறது. அந்த நேரத்து வாசனை, காலடிச் சத்தம், விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால் மாதங்கள் கழித்து அதே வாசனை வந்தாலும், ‘அன்று நடந்தது’ என்ற நினைவாக அது வருவதில்லை. ‘இதோ நடக்கிறது’ என்று உடம்பே பதறுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் கேலியாகச் சொல்வோம். காப்பாற்றத் துடிக்கும் மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அப்புறம் அந்தக் கேள்வி: “ஏன் கத்தவில்லை?” கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிறோமே, அது வெறும் பேச்சு வழக்கு அல்ல. பாலியல் வன்முறைக்குப் பின் ஸ்டாக்ஹோமில் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது பெருமளவு உறைந்துபோயிருந்தார்கள். அது உடம்பின் அனிச்சைச் செயல். சம்மதமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. தயவுசெய்து அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள்.

சரி, காயம் எப்படி ஆறுகிறது? அமெரிக்காவில் வன்புணர்வுக்கு ஆளான 95 பெண்களைத் தொடர்ந்து கவனித்த 1992-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரத்துக்குள் 94 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் (PTSD) அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 விழுக்காடாகக் குறைந்தது. முதல் வாரங்களின் தூக்கமின்மையும் நடுக்கமும் பலருக்குத் தாமாகவே தணிகின்றன என்பதை இதில் பார்க்கலாம்.

தணியாமல் நிற்பதற்கு ஒரு பெரிய காரணம் தவிர்த்தல். அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் ‘இப்போது இங்கே ஆபத்தில்லை’ என்று மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. காயம் ஆறும்போதும் பழைய முடிச்சு அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடம் பதிகிறது. அமிக்டலாவை அடக்க மூளையின் முன்பகுதி பழகுகிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய சிகிச்சை இதைத்தான் செய்கிறது. பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் முன், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது. ஒதுக்கிவைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவது. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். ஆனால் சம்பவம் நடந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது வேறு, அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஒதுக்காமல் திரும்பிப் போனதற்கு ஓர் உதாரணம் உண்டு. நார்வேயின் உத்தோயா தீவில் 2011 ஜூலை 22 அன்று நடந்த துப்பாக்கித் தாக்குதலில் 69 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே, உயிர் பிழைத்த இளைஞர்களில் விரும்பியவர்கள் குடும்பத்தோடு அந்தத் தீவுக்குத் திரும்பிப் போனார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும், உதவி கேட்டு அவர்கள் வரட்டும் என்று காத்திராமல், அந்தந்த ஊராட்சி நியமித்த ஒருவர் தாமாகவே தேடிப்போய் விசாரிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. குறைந்தது ஒரு வருடத்துக்கு.