சிக்னல் இல்லாத ஊர்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மாடி அறையில் உளவியல் ஆலோசனை கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐடிக்காரர்கள். நான் மருந்து எழுதுபவள் அல்ல, டாக்டர் என்று கூப்பிட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அதனால் எல்லோருக்கும் மேடம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், வயது 38, டீம் லீடு. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். தூக்கம் சரியில்லை, மீட்டிங்கில் உட்கார்ந்தால் கவனம் எங்கேயோ போய்விடுகிறது என்றார்.

"எங்க போகுது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் கூச்சத்தோடு போனை நீட்டினார். பிரவுசரில் 43 டேப் திறந்து கிடந்தன. எல்லாமே கிட்டார். அதிலும் பெரும்பாலானவை ஒரே கிட்டார்தான்: ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், நடுவில் தேன் மஞ்சளும் ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்புமாக இருக்கும் சன்பர்ஸ்ட் நிறம். அது 1954-ல் வந்த மாடல் என்று ஆரம்பித்தவர், மேப்பிள் கட்டைக்கும் ரோஸ்வுட் கட்டைக்கும் ஒலியில் வித்தியாசம் உண்டா இல்லையா என்று கிட்டார்காரர்கள் போடும் சண்டை வரை பத்து நிமிடம் பேசினார். சென்னைக் காற்றின் ஈரத்தில் மரம் ஊதிவிடும், 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

"நல்லா வாசிப்பீங்களோ?"

"இல்ல மேடம். காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் வெச்சிருந்தான். ஒரு தடவை மடியில வெச்சுப் பார்த்திருக்கேன். அவ்வளவுதான்."

அடுத்து ஓர் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தார். மணாலியிலிருந்து லேவுக்கு பைக் பயணம். எந்த நாள் எங்கே தங்குவது என்று ஒரு வரிசை. தண்டி என்ற இடத்தில் டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே வைத்த பலகையின் படம் ஒன்று. லே 3,500 மீட்டர் உயரம், போய் இறங்கிய முதல் இரண்டு நாள் எங்கும் சுற்றாமல் படுத்திருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. கர்துங் லா கணவாயில் வெகுகாலம் 18,380 அடி என்று பலகை நின்றது, உண்மையில் அது 17,582 அடிதான் என்று ஒரு திருத்தமும் போட்டிருந்தார். அந்த ஷீட்டை அவர் முதலில் உருவாக்கியது 2018-ல். இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். கிளம்பவில்லை.

அதில் ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் பூசியிருந்தது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும் என்ற விவரம். இது நிஜம்தான். பயணம் போகிறவர்கள் இதை ஒரு தொல்லையாக எழுதி வைப்பார்கள். இவர் பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதியிருந்தார்: "ஆபீஸ் நம்பர் எடுத்துட்டுப் போகக் கூடாது."

எனக்கு அன்றைய மீதி முக்கால் மணி நேரமும் அந்த மஞ்சள் கட்டத்திலேயே போயிற்று.

பகற்கனவு காண்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். "என்ன, ஆகாசத்துல கோட்டை கட்டுறியா?" என்று கேட்காத வாத்தியார் உண்டா? ஆனால் மனம் அலைவது ஒரு கோளாறே அல்ல. 2010-ல் ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரின் போனுக்கு நேரம் காலம் இல்லாமல் கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. பாதிப் பொழுது நாம் எல்லோருமே வேறெங்கோ இருக்கிறோம். நாம் சும்மா இருக்கும்போதுதான் மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாகின்றன என்று மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்ல் குழு 2001-ல் எழுதியதிலிருந்து, இந்தத் துறையே அதன் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே கனவு காண்கிறேன் என்று யாராவது வந்து சொன்னால் நான் பதறுவதில்லை. எனக்கும் ஒன்று உண்டு: தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி ஓர் ஓட்டு வீடு. அதில் காலிங் பெல் கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்கிறவளின் கனவில் பெல் ஏன் இல்லை என்று விளக்க வேண்டியதில்லை.

நான் கவனிப்பது அதைத்தான். கனவில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கும். கிட்டார் டேப் திறந்து வைத்திருந்தவரிடம் கேட்டேன்: அந்தக் கனவில் மணி எத்தனை? யோசித்துவிட்டு, "ராத்திரி ஒம்பதரை" என்றார். பால்கனியில் உட்கார்ந்து வாசிக்கிறாராம். நிஜத்தில் அவருடைய ஒன்பதரை மணி அமெரிக்க கிளையன்ட் காலுக்கானது. ஐந்து வருடமாக, வாரத்தில் ஐந்து நாளும். கனவில் அந்த கால் இல்லை. லடாக்கில் சிக்னலே இல்லை.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், வேறொரு முறை சொன்ன கனவு இன்னும் சின்னது. ரயிலில் சைடு லோயர் பெர்த், ஜன்னல், கையில் டீ, எங்கே போகிறது என்று தெரியாத வண்டி. "யாருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாத ஒரு காலை மேடம்." ஆண்களின் கனவில் இமயமலை வருகிறது, பெண்களின் கனவில் ஒரு சைடு லோயர் வருகிறது என்பது என் அறையின் அனுபவம். அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம், இப்போது வேண்டாம்.

சரி, கனவு தவறில்லை என்றால் எங்கே சிக்கல் வருகிறது? தமிழில் 'மனப்பால் குடிப்பது' என்று ஒரு சொல் இருக்கிறது. குடித்த பாலல்ல, நினைத்த பால். ஆனால் வயிறு நிறைந்த மாதிரி ஒரு மயக்கம். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருடம் சோதித்துப் பார்த்தார். 1991-ல் வெளியான ஆய்வில், உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களில் 'மெலிந்து அழகாக வலம் வருகிறேன்' என்று அதிகம் கற்பனை செய்தவர்களுக்கு, அவ்வளவு இனிக்காத கற்பனை செய்தவர்களைவிட ஒரு வருடத்தில் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் எடை இறங்கியது. என்னால் முடியும் என்று நம்பியவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. நம்பிக்கை வேறு, கற்பனை வேறு. இருபது வருடம் கழித்து அவரும் காப்பஸ் என்பவரும் இன்னொன்றைக் கண்டார்கள்: ஆசைப்பட்டது நடந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்யும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதாவது உடம்பு, காரியம் முடிந்தது என்று சாய்ந்துவிடுகிறது. பிறகு எழுந்து போய்க் கற்றுக்கொள்ள எங்கிருந்து வேகம் வரும்? ஒவ்வொரு இரவும் பதினோரு மணிக்கு அந்த சன்பர்ஸ்ட் கிட்டாரைப் பார்த்தவருக்கு அது பாதி சொந்தமாகிவிட்டது. எக்ஸெல்லில் அவர் நாற்பது தடவை லே போய் வந்துவிட்டார்.

திருநின்றவூர் பூசலார் கதை நமக்கெல்லாம் தெரியும். கோயில் கட்ட ஆசை, எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை, மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் ஈசன் வந்து, நாளை எனக்குப் பூசலார் கோயிலில் வேலை இருக்கிறது, உன் குடமுழுக்கை வேறு நாளுக்கு வை என்றாராம். மனக்கோட்டைக்கு எடுத்துக்காட்டாக இதை என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பூசலார் என்ன செய்தார் என்று பாருங்கள். நேரே குடமுழுக்குக்குப் போகவில்லை. மனத்தில் பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், இரவும் கண் உறங்காமல் வரிசை வரிசையாக எழுப்பினார். கிணறு தோண்டி, மதில் வைத்து, குளம் வெட்டினார். நம் கனவில் குடமுழுக்கு மட்டும்தான் வருகிறது, குளம் வெட்டுவது வருவதில்லை. 1999-ல் ஃபாம், டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வும் இதையே காட்டியது: நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் தேர்வில் நன்றாக எழுதினார்கள்.

ஆகவே அவரை அந்த கிட்டாரை வாங்கச் சொல்லவில்லை, மறக்கவும் சொல்லவில்லை. வாங்கும் ஆசையே தனியாக ஒரு குழி. கிட்டார்காரர்கள் இதற்கு 'கியர் அக்விசிஷன் சின்ட்ரோம்' என்று கேலியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவப் பெயர் அல்ல, ஆனால் ஈஎம்ஐ நிஜம். வேலையை விட்டு ஓட வேண்டும் என்ற கனவுக்காகத் தவணையில் பொருள் வாங்கி, தவணை கட்ட அதே வேலையில் இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ள யமஹா எஃப்280 மாதிரி சாதாரண கிட்டார் போதும், இங்கே சென்னைக்கு அருகிலேயே தயாராகிறது. அதுவும் வேண்டாம், யாரிடமாவது இரவல் வாங்குங்கள் என்றேன். அக்கா மகன் வீட்டில் ஒன்று பரண்மேல் கிடந்தது.

அப்புறம் அந்த ஒன்பதரை மணி கால். அதுதான் நிஜமான வேலை. கிட்டார் அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம். வாரத்தில் இரண்டு நாள் ஜூனியர் ஒருவரை அந்த காலில் உட்கார வைக்க மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்க அவருக்கு ஆறு வாரம் ஆயிற்று. பயணத்துக்கு ஆறு வருடம் திட்டம் போட முடிந்தவருக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. மேலாளர் பத்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டாராம். எல்லா இடத்திலும் அப்படி நடக்காது, எனக்குத் தெரியும். இன்னொருவர் கேட்டபோது 'கமிட்மென்ட் இல்லை' என்று அப்ரைசலில் எழுதினார்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னதை அந்த அப்ரைசலோடு சேர்த்து ஒட்டி வைக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

விடுமுறை போய் வந்தால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பயணம் போகிறவர்களின் கூடுதல் மகிழ்ச்சி பெரும்பாலும் போவதற்கு முன்புதான் தெரிந்தது. திரும்பிய பிறகு, மிக ஓய்வாக இருந்துவிட்டு வந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் எங்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திங்கட்கிழமை அப்படியே காத்திருந்தால் இமயமலையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சில கனவுகளைக் கேட்டதும் நானே நிமிர்ந்து உட்காருவேன். ஒரு நாளில் பல மணி நேரம் கற்பனைக்குள்ளேயே போய், பாட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தபடி இருப்பவர்கள், நிறுத்த நினைத்தும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். 2002-ல் எலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். நோய்ப் பட்டியல்களில் இன்னும் ஏறவில்லை, ஆனால் அவதி உண்மையானது, உதவியும் உண்டு. வேலைச் சோர்வு இன்னொன்று. முன்பு பிடித்த வேலையே வெறுத்துப்போய், யாரைப் பார்த்தாலும் எரிச்சலாகி, செய்வது எதுவும் உருப்படாது என்று தோன்றுவது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை வேலையால் வரும் நிலை என்று வரையறுத்தது, ஆளின் குறையாக அல்ல. எல்லாவற்றையும்விட முக்கியம், 'எங்காவது போய்விட வேண்டும்' என்பது 'இல்லாமலே போய்விட்டால் நன்றாயிருக்கும்' என்று மாறும் இடம். அந்த வாக்கியம் உங்களுக்குள் வந்தாலோ, வீட்டில் யாராவது விளையாட்டாகச் சொன்னாலோ, காத்திருக்க வேண்டாம். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

எட்டு மாதம் கழித்துப் போன வாரம் அவர் வந்தார். உட்கார்ந்ததும் இடது கையை நீட்டினார். நான்கு விரல் நுனியிலும் தோல் காய்த்துத் தடித்திருந்தது. ஜி, சி, டி என்ற மூன்று கார்டும் (பல நரம்புகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் அமைப்பு) வந்துவிட்டதாம். எஃப் மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு நரம்புகளை ஒன்றாக அழுத்த வேண்டிய அந்த இடத்தில்தான் நிறைய பேர் கிட்டாரைப் பரண்மேல் திரும்ப ஏற்றுகிறார்கள் என்று அவரே சொன்னார். செவ்வாய், வியாழன் ஒன்பதரை மணிக்குப் போன் சமையலறையில் இருக்கிறது. லடாக் இன்னும் போகவில்லை.

"டேப் எல்லாம் மூடிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் மேடம்," என்று சிரித்தார். "பதினொண்ணு இருக்கு."