சுண்ணாம்பும் அமிலமும்: வேப் தொண்டையைக் கடந்து செல்லும் விதம்

குமரி மாவட்டத்தில் முறுக்கான் போடும் பெரியவர்கள், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய பிறகே புகையிலைத் துண்டை வைப்பார்கள். இப்பழக்கத்துக்குள் நல்லதொரு வேதியியல் இருக்கிறது. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் பெரும்பாலும் அமிலங்களோடு சேர்ந்து உப்பாகவே இருக்கும். சுண்ணாம்பின் காரம் அதை விடுவிக்கிறது; விடுபட்ட நிக்கோட்டின் கன்னத்தின் உட்சவ்வை எளிதில் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் படிக்கிற இளைஞர்களின் சட்டைப்பையில் பென்டிரைவ் போலக் கிடக்கும் வேப் (மின்சிகரெட்) கருவியின் சூட்சுமம், இதற்கு நேர் எதிரானது.

‘இது புகையில்லை, வெறும் ஆவிதான்’ என்பதே அவர்களிடம் பொதுவாகக் கேட்கும் வாதம். புட்டுக்குழலின் நுனியில் எழுவது நீராவி. வேப்பில் எழுவது அதுவன்று. கருவியிலுள்ள லித்தியம் பேட்டரி சிறு கம்பிச்சுருளைச் சூடாக்க, பஞ்சுத்திரியில் ஊறிய புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றின் கலவை ஆவியாகி, உள்ளிழுக்கும் காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறுகிறது. அத்துளிகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை என்பதால் நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் அவற்றில் சேரக்கூடும். திரி காய்ந்து கருவி மிகையாகச் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகும்.

விடுபட்ட நிக்கோட்டினை உள்ளிழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். முதல் சிகரெட்டோடு பலர் நிறுத்திக்கொண்டதற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம். உடலின் அந்தக் காவலை நான் மிகவும் மதிக்கிறேன். 2015-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் என்ற வேப் கருவி, நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து அதை மறுபடியும் உப்பாக்கியது. காரம் தணிந்ததால், ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் அளவுக்குச் செறிவான திரவத்தைக்கூட இருமாமல் இழுக்க முடிகிறது. வாயில் தேவைப்பட்ட சுண்ணாம்பு இங்கே தேவையில்லை, ஏனெனில் நுரையீரலின் பரந்த பரப்பும் இரத்தத்தின் மெல்லிய காரத்தன்மையும் நிக்கோட்டினை விரைவாக வாங்கிக்கொள்கின்றன. மாம்பழ வாசமும் புதினாக் குளிர்ச்சியும் மீதி எச்சரிக்கையையும் மறைத்துவிடுகின்றன.

இழுத்த 10 முதல் 20 நொடிகளில் நிக்கோட்டின் மூளையை அடைந்து, அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டி, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. மீண்டும் மீண்டும் நிக்கோட்டினைச் சந்திக்கும் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ஏற்பிகள் கூடக்கூட, அவை வெறுமையாக இருக்கும் வேளையின் தவிப்பும் கூடுகிறது. தன்னடக்கத்தை ஆளும் முன்மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், பதின்பருவத்தில் இந்தப் பிடி விரைவாக இறுகுகிறது.

மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் 2019-இலேயே இந்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனாலும் ‘தேர்வு டென்ஷன் குறைகிறது’ என்ற நம்பிக்கை இளைஞர்களிடம் நிற்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. இழுத்ததும் பதற்றம் உண்மையிலேயே தணிகிறது. ஆனால் அப்படித் தணிவதில் பெரும்பகுதி, முந்தைய இழுப்பு விட்டுச்சென்ற தவிப்புதான். இரத்தத்தில் நிக்கோட்டினின் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பல்கலைக்கழகத் தேர்வோ மூன்று மணி நேரம். அது முடிவதற்குள்ளேயே, நன்றாகப் படித்து வந்த மாணவனுக்கும் கவனம் வினாத்தாளைவிட்டு நழுவத் தொடங்கலாம்.