எண்ண அலையும் இல்லை, மின்னலும் இல்லை: இ.இ.ஜி.யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போன மாதம் அக்கா மகனுக்கு இ.இ.ஜி. எடுக்க வேண்டியிருந்தது; தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை. ஒன்பதாவது படிக்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறான், கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போனோம். பரிசோதனைக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் 'எண்ண அலைப் பரிசோதனை' என்று ஒட்டியிருந்தார்கள். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நான் நினைக்கிறதெல்லாம் அந்தப் பேப்பர்ல வந்துடுமா?"

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. 'எண்ண அலைகளைப் படித்து மனநோயைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு' என்று செய்தியிலும் காணொளியிலும் வாரம் ஒருமுறையாவது கண்ணில் படுகிறது. ஆனால் பதினான்கு வயதுப் பையன் அதை நம்பிப் பயந்து நின்றதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மூலச்சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். எலக்ட்ரோ–என்செஃபலோ–கிராம். மூன்றும் கிரேக்கம். முதலாவது மின்சாரத்தைக் குறிக்கிறது. 'என்' என்றால் உள்ளே, 'கெஃபலே' என்றால் தலை; தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. 'கிராம்மா' என்றால் எழுதப்பட்டது. கிராம் என்று முடிந்தால் கிடைத்த பதிவு, கிராஃப் என்று முடிந்தால் பதிகிற கருவி, கிராஃபி என்று முடிந்தால் பதிகிற முறை. ஆக மொத்தம், மூளையின் மின்சாரம் எழுதிய எழுத்து. இதில் எண்ணம் என்ற பொருள் தரும் துண்டு எங்கேயும் இல்லை.

பெயரை வைத்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் மனித மூளையின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிவுசெய்தார், 1929இல் கட்டுரையாக வெளியிட்டார். இதயத்துக்கு ஏற்கெனவே இருந்த எலக்ட்ரோகார்டியோகிராம் என்ற பெயரைப் பார்த்து மூளைக்கு இதை அமைத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளம் வயதில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர்தப்பியவர் அவர். அன்றே தொலைவில் இருந்த அவருடைய சகோதரிக்கு மனம் பதறி, வீட்டிலிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்தது. எண்ணம் ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்குப் பாய்கிறதோ என்ற கேள்விதான் அவரை மூளை ஆய்வுக்குக் கொண்டுவந்தது. அப்படி நம்பி ஆரம்பித்தவரே, கையில் கிடைத்ததற்குப் பெயர் வைக்கும்போது எண்ணம் என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. கிடைத்தது மின்சாரம், மின்சாரம் என்றே எழுதினார். நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான்.

'எண்ண அலை' ஏன் தவறு? தூங்குகிறவருக்கும் இந்த அலைகள் உண்டு. நினைவிழந்து கிடப்பவருக்கும் உண்டு. பிறந்த குழந்தைக்கும் உண்டு. பெர்கர் ஆல்ஃபா என்று பெயரிட்ட அலை, நொடிக்கு 8 முதல் 13 வரை துடிப்பது, கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போதுதான் பின்மண்டையில் பெரிதாக எழும்புகிறது. கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ தேய்ந்துவிடுகிறது. எண்ணம் ஓட ஆரம்பித்ததும் சிறுக்கிற ஒன்றை எண்ண அலை என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், அந்த அலை எதிலிருந்து வருகிறது? மூளையின் மேற்பரப்பில் பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒன்றுசேர்ந்து ஏறி இறங்கினால்தான், மண்டையோட்டைத் தாண்டி மைக்ரோவோல்ட் கணக்கில் கொஞ்சம் மின்னழுத்தம் வெளியே தெரியும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டினால் தாலி ஏறிவிட்டது என்று தெரியும். கடைசி வரிசையில் இரண்டு பேர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தெரியாது. வலிப்பு நோயில் இ.இ.ஜி. இவ்வளவு கைகொடுப்பதற்குக் காரணமே அதுதான். வலிப்பு என்பது நேரமில்லாத நேரத்தில் நரம்பணுக்கள் கூட்டமாகக் கொட்டுகிற கெட்டிமேளம். என் மருமகனுக்குச் சந்தேகப்பட்ட வகையில் நொடிக்கு மூன்று தடவை கூர்முனையும் அலையும் மாறிமாறி வரும். அதை 1935இலேயே அமெரிக்காவில் பதிவுசெய்துவிட்டார்கள். எண்ணமோ அந்தக் கடைசி வரிசைப் பேச்சு.

சரி, இ.இ.ஜி.யை வைத்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். எப்படி என்று பாருங்கள். 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட டீப் (DEAP) என்ற தரவுத்தொகுப்பில் 32 பேருக்கு ஒரு நிமிடப் பாட்டுக் காணொளிகள் 40 போட்டுக் காட்டி, மூளைப் பதிவு எடுத்தார்கள். இனிமையாக இருந்ததா, கிளர்ச்சி எவ்வளவு என்று அவர்களையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். கணினி செய்வது அந்த மதிப்பெண்ணைப் பதிவிலிருந்து ஊகிப்பது. பயனுள்ள வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வகைப்படுத்தல். தமிழில் 'கண்டறிதல்' என்று எழுதியதும் நெஞ்சுக்குள் இருந்ததை வெளியே எடுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இந்தக் 'கண்டறிதல்' படும் பாடு தனிக்கதை. நோயை மருத்துவர் உறுதிசெய்தாலும் கண்டறிதல், கருவி ஒரு சிக்னலை உணர்ந்தாலும் கண்டறிதல், கணினி ஊகித்தாலும் கண்டறிதல், விஞ்ஞானி புதிதாகக் கண்டுபிடித்தாலும் கண்டறிதல். நாலு வேலைக்கு ஒரே சொல் போட்டால் படிப்பவர் எதை நம்புவார்?

மனநோய் விஷயத்தில் இது ஆபத்து. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் கவனக்குறைவுக் கோளாறுக்கு ஓர் இ.இ.ஜி. முறையை அனுமதித்தபோதுகூட, 6 முதல் 17 வயது வரை, மருத்துவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக என்றுதான் அனுமதித்தது. மனச்சோர்வையும் மனச்சிதைவையும் இன்றும் மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்கிறார். 'எண்ண அலை' என்று கேட்கிற குடும்பத்துக்கு இது விளங்காது. டெஸ்ட் எடுத்தால் மனசில் இருப்பது தெரிந்துவிடும் என்று நினைப்பார்கள், பேச வேண்டியதைப் பேச மாட்டார்கள். சொல் தவறினால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. கால் கை வலிப்பு வாய்ப்பேச்சில் காக்காய் வலிப்பாகி நோயாளியை எத்தனை தலைமுறை கேலிக்கு ஆளாக்கியது என்று நமக்குத் தெரியும்.

இனி இ.இ.ஜி.க்குச் சொல்லப்படும் இன்னொரு தமிழ்ப் பெயர், 'மூளை மின்னலை வரைபடம்'. பொருள் சரி, சொல் சரியில்லை. மின் + அலை என்று ஆக்கியவர் நினைத்தார். படிப்பவர் கண்ணுக்கு மின்னல் + ஐ. வானத்து மின்னலை மூளையில் வரைந்த படமா? ஏற்கெனவே தலைக்குக் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்று பயப்படுகிறவர்களிடம் போய் இதைச் சொல்லலாமா? வரைபடம் என்றால் நமக்கு மேப்பும் ஆகும். குற்ற வழக்குகளில் மூளை மின்பதிவை வைத்துச் செய்யும் சோதனையைச் செய்திகளில் 'மூளை வரைபடச் சோதனை' என்று எழுதுகிறார்கள். ஒருவர் சம்மதிக்காமல் அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்று 2010இல் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. என்ன சோதனை என்பது தலைப்பைப் படித்த எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

நான் சொல்வது 'மூளை மின்பதிவு'. கருவி மூளை மின்பதிவி. முறை மூளை மின்பதிவியல். இதயத்துக்கு இதய மின்பதிவு, தசைக்குத் தசை மின்பதிவு என்று வரிசையாக வரும். பதிவு என்றாலே உள்ளதை எடுத்துக்கொள்வது, உள்ளே எதையும் செலுத்துவதல்ல என்பது சொல்லிலேயே விளங்குகிறது. அலைகளுக்கு மூளை அலை போதும். வாய்ப்பேச்சில் இ.இ.ஜி. என்றே சொல்லட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

அன்று டெக்னீஷியன் அம்மா டேப்பை வைத்து மூக்குமேட்டிலிருந்து பிடரி வரை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி ஒவ்வொரு கம்பியாக ஒட்டினார். பையன் பயத்தில் பல்லைக் கடித்தான். திரையில் கோடெல்லாம் கரிக்கோடாக அப்பிக்கொண்டது. "தம்பி, இது உன் தாடைச் சதை. வாயை லேசா விடு" என்றார். விட்டான். கோடுகள் பிரிந்தன. "இப்போ கண்ணை மூடு." மூடியதும் கீழ்வரிசையில் ஒரே சீராக அலை எழும்பியது. முடிந்த பிறகு அதைப் பின்னால் ஓட்டி அவனுக்குக் காட்டினார். "கண்ணை மூடினதுக்கா இது?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பசையைத் துடைக்கத் துண்டை வாங்கிக்கொண்டான்.