டைல் எரியாதுதான், அதற்குக் கீழே இருப்பது?

விறகு அடுப்புக்குக் கீழே டைல் மேடையைப் பிழையாகக் கட்டிய வீடு, இந்த இலையுதிர் காலத்தில் மட்டும் இது மூன்றாவது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டம், ஏரிக்கரையில் ஒரு பழைய கொட்டேஜ், நம்மவர் ஒருவர் வாங்கியிருக்கிறார். காப்புறுதி நிறுவனம் வெட் அறிக்கை கேட்டதால் என்னைக் கூப்பிட்டார். (விறகு அடுப்புகளைப் பரிசோதிக்கிறவர்களுக்கு இங்கே கொடுக்கும் சான்றிதழின் பெயர்தான் வெட்.) அடுப்புக்குக் கீழே அவரே கைப்பட ஒரு டைல் மேடை கட்டியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, கோடு பிசகாமல் அழகாக இருந்தது. ஓரத்தில் ஒரு டைலைத் தட்டினேன், தொம் என்று வெற்றுச் சத்தம். பெயர்த்துப் பார்த்தால், பிளைவுட்டின் மேல் வாளியில் வரும் பசையைப் பூசி நேரே ஒட்டியிருக்கிறார். பசை சூட்டில் இளகி விட்டுப்போயிருந்தது, பிளைவுட் அடிப்பிடித்த தோசை நிறத்தில் இருந்தது.

அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணை, டைல் எரியுமே?"

எரியாது தம்பி. டைல் எரியும் என்று யார் சொன்னது? பத்து வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் இன்றைக்கு எழுதியே வைக்கிறேன். கொதிக்கிற சட்டியை இறக்கும்போது எதைப் பிடித்து இறக்குகிறீர்கள்? துணியை. எவர்சில்வர் தட்டை இரண்டு பக்கமும் வைத்துத் தூக்கிப் பாருங்களேன். தட்டு எரியாது, துணி எரியும், ஆனாலும் கையைக் காப்பாற்றுவது துணிதான். எரியாமல் இருப்பது வேறு, சூட்டைத் தடுப்பது வேறு. கோயில் வெளிவீதியில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கல் எரியவில்லை, கால்தான் எரிந்தது. டைலும் அப்படித்தான், மேலே வாங்குகிற சூட்டைக் கீழே இருக்கிற மரத்திடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"மூன்று குளிர்காலம் எரித்தோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்பது அடுத்தது. புது மரம் பற்றிக்கொள்ள 250 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டில் வருடக்கணக்காகக் காய்ந்து கருகிய மரம் அதுவரை காத்திருக்காது. மூன்று குளிர்காலம் தப்பியதென்றால் மூன்று குளிர்காலமாக மரம் தயாராகிக்கொண்டிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, என்ன செய்வது? முதலில் அடுப்பின் கையேட்டை எடுங்கள். பழைய அடுப்பை யாரிடமோ வாங்கி, கையேடு இல்லையென்றால் பின்பக்கம் ஒரு உலோகத் தகடு இருக்கும், அதைப் படியுங்கள். அடுப்புகள் இரண்டு வகை. ஒன்றுக்குத் தணல் விழுந்தால் தரை பற்றாமல் இருந்தால் போதும். அதற்குச் சீமெந்துப் பலகையும் டைலும் தாராளம். மற்றதன் அடிப்பாகமே கொதிக்கும், தரைக்கு இவ்வளவு ஆர் மதிப்பு வேண்டும் என்று கையேட்டில் எண்ணாகவே போட்டிருப்பார்கள். ஆர் என்றால் சூட்டைத் தடுக்கும் திறன், அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். உதாரணமாக 1.5 வேண்டும், உங்கள் அரை அங்குலச் சீமெந்துப் பலகைக்கு 0.39 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு போட்டாலும் 0.78தான், பாதியில் நிற்கிறீர்கள். கனிமநார்ப் பலகை அரை அங்குலத்துக்கே ஏறக்குறைய 1 கொடுக்கும், ஆனால் மெத்தென்று இருப்பதால் அதன்மேல் சீமெந்துப் பலகை போட்டே ஆகவேண்டும். டைலுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், கணக்கில் எடுக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. பலகைக்குப் பலகை எண் மாறும், கடைக்காரர் வாய்ச்சொல்லை விட்டுவிட்டுத் தயாரிப்பாளரின் தாளைப் பாருங்கள்.

அளவு. கனடாவின் நிறுவல் விதிப்படி மேடை அடுப்பைத் தாண்டி, விறகு போடும் கதவுக்கு முன்னால் 18 அங்குலம், மற்றப் பக்கங்களில் 8 அங்குலம் நீளவேண்டும். கையேடு கூடக் கேட்டால் கையேடு சொல்வதுதான். பக்கவாட்டிலும் கதவு இருந்தால் அங்கேயும் 18. சுற்றி அழகுக்கு அடிக்கிற மரச்சட்டம் இந்தக் கணக்கில் சேராது, நாடாவை டைல் முடிகிற இடம் வரைக்கும்தான் பிடிக்கவேண்டும். இதில் ஒன்றரை அங்குலம் குறைந்து முழு மேடையையும் இடித்தவர்கள் உண்டு, என்னைத் திட்டிக்கொண்டே இடித்தார்கள்.

கம்பளத்தின் மேல் மேடை கட்டாதீர்கள். தயவுசெய்து. கம்பளம் அமுங்கும், டைல் வெடிக்கும், வெடிப்பில் தணல் இறங்கும். வாளிப் பசை வேண்டாம், தூளாக வாங்கித் தண்ணீரில் குழைக்கிற சீமெந்துப் பசைதான். டைல் இடைவெளிகளைக் கிரவுட் போட்டு முழுவதும் அடையுங்கள், ஒரு தணலுக்கு நகக்கண் அளவு இடம் போதும். அடுப்பு 200 கிலோவுக்குக் குறையாது என்றே வைத்துக்கொண்டு தரைக்குக் கீழே போய் உத்தரங்களையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. மேடை இரண்டு அங்குலம் உயர்ந்தால் அடுப்பும் இரண்டு அங்குலம் உயரும், புகைக்குழாய் பொருந்தாது. மேடையைக் கட்டி முடித்துவிட்டுக் குழாயை வாளால் அறுத்து நெளித்துப் பொருத்திய ஒருவரிடம் நான் அறிக்கை எழுத மறுத்தேன், இன்றைக்கும் அவர் என்னோடு கதைப்பதில்லை. பரவாயில்லை.

ஒன்ராறியோவில் விறகு அடுப்பு வைக்கக் கட்டட அனுமதி வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல, அனுமதி கேட்டுப் போனால் நான் மேலே எழுதியதில் பாதியை அவர்களே கேட்டுவிடுவார்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைட் அலாரம் இருக்கவேண்டும், பற்றரி செத்த அலாரம் அலாரம் அல்ல. சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, மரத் தளத்தில் வைக்காமல், தள்ளி வையுங்கள். ஆறிவிட்டது என்று நினைக்கிற சாம்பலுக்குள் நாள்கணக்கில் தணல் உயிரோடு கிடக்கும்.

அந்தத் தம்பி மேடை முழுவதையும் பெயர்த்து, கருகிய பிளைவுட்டை வெட்டி எடுத்துவிட்டார். அடுப்பு இப்போது கராஜில் நிற்கிறது. போன கிழமை கையேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணை, இந்த எண்தானே?" என்று கேட்டிருந்தார். அந்த எண்தான். டைல் ஒட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அந்த மேடையைப் பெயர்க்கவே தேவைப்பட்டிருக்காது.