நியூசிலாந்துல கேம்பர்வேன் எடுக்கப் போறீங்களா? முதல்ல அந்த பச்சை அட்டையைப் பாருங்க

நியூசிலாந்து தெற்குத் தீவு போட்டோ பார்த்திருப்பீங்க, பால் கலந்த நீலத்துல ஒரு ஏரி, பின்னாடி பனிமலை, கரையில ஒரு வெள்ளை வேன், கதவைத் திறந்து போட்டுட்டு ஒருத்தர் காபி குடிச்சிட்டு இருப்பார். அதைப் பார்த்துட்டுதான் நாங்களும் கிளம்பினோம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கற இந்த மாதிரி கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துட்டா ஹோட்டல் செலவு மிச்சம், எங்க இருட்டுதோ அங்க ஓரம் கட்டி தூங்கிக்கலாம்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதி பாதியை, அதாவது அப்படித் தங்க வண்டிக்கு வேண்டிய பச்சை சான்றிதழ் அட்டையைப் பத்திச் சொல்லத்தான் இதை எழுதறேன், ஏன்னா வேன் வாடகைக்கு விடற சைட்ல அழகான போட்டோ நிறைய இருக்கும், சட்டம் மட்டும் எங்கேயோ அடியில பொடி எழுத்துல இருக்கும்.

காசு கட்டாம பொது இடத்துல வண்டி நிறுத்தி ராத்திரி தங்கறதுக்கு அங்க 'ஃப்ரீடம் கேம்பிங்'னு பேரு. இதுக்குன்னே 2011ல ஒரு சட்டம் போட்டாங்க. அந்த வருஷம் ரக்பி உலகக் கோப்பை அங்க நடந்துச்சு, வெளிநாட்டுக் கூட்டம் வரப்போகுதுன்னு அதுக்கு முன்னாடியே கொண்டு வந்தாங்க. ரோட்டுலேந்தோ, வண்டி போகக்கூடிய இடத்துலேந்தோ, கடல் ஓரத்துலேந்தோ 200 மீட்டருக்குள்ள டென்ட், கார், வேன் எதுல தங்கினாலும் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துடும். காசு கட்டித் தங்கற கேம்ப்கிரவுண்டுக்கு இது பொருந்தாது.

2011 சட்டம் கொஞ்சம் தாராளமாதான் இருந்துச்சு. ஆனா வருஷாவருஷம் கூட்டம் ஏற ஏற, ஏரிக்கரையில டாய்லெட் பேப்பர், புதருக்குப் பின்னாடி என்னென்னமோ, ஊர்க்காரங்க கடுப்பாகிட்டாங்க (நியாயம்தானே, நம்ம ஊர் குளத்தங்கரையில யாராவது அப்படிப் பண்ணா நாம சும்மா இருப்போமா). அதனால 2023 ஜூன் 7லேந்து சட்டத்தை இறுக்கிட்டாங்க. இப்போ கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) கையில இருக்கற நிலத்துல ராத்திரி வண்டியில தங்கணும்னா, அந்த வண்டி 'செல்ஃப் கன்டெயின்ட்'னு சான்றிதழ் வாங்கின வண்டியா இருக்கணும். சான்றிதழ் இல்லாத வண்டிக்கும் அனுமதி உண்டுன்னு அந்த கவுன்சிலே குறிப்பிட்டு விட்ட இடம்னா மட்டும்தான் விதிவிலக்கு.

செல்ஃப் கன்டெயின்ட்னா என்னன்னா, வெளியில ஒரு சொட்டு கூட விடாம மூணு நாள் குடித்தனம் நடத்தற வண்டி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, அப்போ மூணு நாளைக்கு 12 லிட்டர் நல்ல தண்ணி டேங்க்ல இருக்கணும், சிங்க் கழுவின தண்ணி போய் சேர தனி டேங்க், மூடி போட்ட குப்பைத்தொட்டி. எல்லாத்துக்கும் மேல டாய்லெட். முன்னாடி எல்லாம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டாய்லெட்டை டிக்கியில தூக்கிப் போட்டுட்டு அப்போதைய சான்றிதழான நீல ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு சுத்தினாங்க, அதை யாரும் தொட்டுக்கூட பார்த்ததில்ல. புது விதியில அது செல்லாது, டாய்லெட் வண்டியில நிரந்தரமா பொருத்தியிருக்கணும், படுக்கையை விரிச்சுப் போட்ட நிலையிலயும் உள்ளேயே உபயோகிக்க முடியணும். நடுராத்திரி படுத்திருக்கறவங்களை எழுப்பி மெத்தையை மடக்கினாதான் போக முடியும்னா அந்த வண்டி தேறாது.

இப்படித் தேறின வண்டிக்கு பச்சை கலர் வாரன்ட் (சான்றிதழ்) அட்டை குடுப்பாங்க, அதிகபட்சம் 4 வருஷம் செல்லும். இதை மேற்பார்வை பார்க்கறது யாருன்னு நினைக்கறீங்க, பிளம்பர்களோட வாரியம்! பிளம்பர், கேஸ்ஃபிட்டர், டிரெய்ன் வேலை பார்க்கறவங்களுக்கு லைசென்ஸ் குடுக்கற அதே போர்டு. யோசிச்சா சரிதான், மேட்டரே டாய்லெட்டும் குழாயும்தானே. அவங்க வச்சிருக்கற பதிவேட்டுல நம்பர் பிளேட் போட்டு நாமளே செக் பண்ணிக்கலாம், வண்டியை வாடகைக்கு எடுக்கற அன்னிக்கு கவுன்டர்ல நின்னுக்கிட்டே ஒரு நிமிஷத்துல பார்த்துடுங்க.

இங்கதான் நாங்க மாட்டினது. அந்த அட்டையில எத்தனை பேருக்குன்னு ஒரு எண் இருக்கும். நாங்க எடுத்த வண்டியில நாலு பேர் படுக்கலாம்னு விளம்பரம், நாங்களும் நாலு பேர், சரியா இருக்கும்னு விட்டுட்டோம். சாவி வாங்கினப்புறம் அட்டையைப் பார்த்தா 2ன்னு போட்டிருக்கு. படுக்கை நாலு, சான்றிதழ் ரெண்டு. கேட்டா, "அதை நீங்க புக் பண்ணும்போதே கேட்டிருக்கணும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. நாலு பேரோட அதுல ஃப்ரீடம் கேம்பிங் போனா சான்றிதழே இல்லாத மாதிரிதான். வேற வழியில்லாம பத்து ராத்திரியும் காசு கட்டிதான் தங்கினோம். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஈமெயில்ல இப்படியே கேளுங்க: பச்சை வாரன்ட் இருக்கா, எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரைக்கும். பதிலை பத்திரமா வச்சுக்கோங்க.

சரி, பச்சை அட்டை இருக்கு, அப்போ எங்க வேணா தூங்கலாமான்னா அதுவும் இல்ல. அந்தந்த ஊர் கவுன்சில் தனியா பைலா (உள்ளூர் விதி) போடலாம், இந்த இடத்துல கூடாது, அந்த இடத்துல ரெண்டு ராத்திரிதான், காலையில இத்தனை மணிக்குள்ள கிளம்பணும்னு. ஒரு கவுன்சில் எல்லையைத் தாண்டினா விதி மாறிடும். அதுவும் நிலையா இருக்காது, குவீன்ஸ்டவுன்ல 2021ல போட்ட பைலாவை எதிர்த்து கேம்பர்வேன் வச்சிருக்கறவங்க சங்கமே கோர்ட்டுக்குப் போய், 2024ல ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, கவுன்சில் திரும்ப மொதல்லேந்து ஆரம்பிக்க வேண்டியதா போச்சு. அதனால ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போன சித்தப்பா பையன் சொன்னதை நம்பாதீங்க, கவுன்சில் வெப்சைட்டைப் பாருங்க, அந்த இடத்துல நட்டு வச்சிருக்கற போர்டைப் படிங்க. எங்க தங்கலாம்னு காட்டற கேம்பர்மேட் ஆப் உதவும், ஆனா ஆப்புக்கும் போர்டுக்கும் முரண்பாடு வந்தா போர்டு சொல்றதுதான் சட்டம்.

காடு, மலை, தேசியப் பூங்கா இதெல்லாம் இயற்கைப் பாதுகாப்புத் துறை கையில, அங்க எல்லாரும் 'டாக்'னுதான் சொல்றாங்க. அவங்க நிலத்துக்கு அவங்க தனி அறிவிப்பு போடுவாங்க. உதாரணத்துக்கு டி அனாவ்ங்கற ஊர்லேந்து மில்ஃபோர்ட் சவுண்டு போற ரோடு, கிட்டத்தட்ட 118 கிலோமீட்டர், ஒவ்வொரு வளைவுலயும் இறங்கிடலாம்னு தோணும், ஆனா அங்க ஃபியோர்ட்லேண்ட் தேசியப் பூங்காவுக்குள்ள சும்மா ஓரங்கட்டித் தங்க முடியாது. கேஸ்கேட் கிரீக் மாதிரி டாக் கேம்ப்சைட்ல காசு கட்டித் தங்கணும். மவுன்ட் குக் அடிவாரத்துல வைட் ஹார்ஸ் ஹில் கேம்ப்சைட் இருக்கு, கரண்ட் கிடையாது, ஆனா காலையில கதவைத் திறந்தா எதிர்ல மலை. நாங்க ஃப்ரீடம் கேம்பிங் போக முடியலையேன்னு வருத்தப்பட்டது அங்க போனதும் போயே போச்சு.

ஒரு நல்ல விஷயமும் சட்டத்துல இருக்கு. தூக்கம் கண்ணைச் சுத்துது, இனிமே ஓட்டினா ஆபத்துன்னு ரோட்டோரம் நிறுத்திக் கண்ணசந்தா அது ஃப்ரீடம் கேம்பிங் ஆகாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. ஆனா வெளியில நாற்காலி போட்டு, அடுப்பு பத்த வச்சு, கொடியில துணி காயப்போட்டுட்டு "களைப்பா இருந்துச்சு சார்"னு சொன்னா எந்த ஆபீசரும் நம்ப மாட்டார்.

மீறினா ஃபைன். முன்னாடி 200 நியூசிலாந்து டாலர், இப்போ சான்றிதழ் இல்லாத வண்டியில கூடாத இடத்துல தங்கினா 400 டாலர், கழிவைக் கண்ட இடத்துல கொட்டினா இன்னும் கூட. வாடகை வண்டிதானே, நாம ஊருக்குக் கிளம்பிடுவோம்னு நினைக்காதீங்க, ஒப்பந்தத்துலயே உங்க கார்டுலேந்து எடுத்துக்கலாம்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்க, ஃபைனோட அவங்க ஆபீஸ் கட்டணமும் சேர்த்து.

ஓட்டறது நமக்கு சுலபம், இடது பக்கம்தான். சுற்றுலா வர்றவங்க சொந்த ஊர் லைசென்ஸ்லயே ஓட்டலாம், இங்கிலீஷ்ல இருந்தா போதும், நம்ம தமிழ்நாட்டு கார்டுல இங்கிலீஷ் இருக்கு. சாதாரண கார் லைசென்ஸ் 6000 கிலோ வரைக்கும் உள்ள வண்டிக்குச் செல்லும், பெரிய ஆறு பேர் வேன் கூட பெரும்பாலும் அதுக்குள்ள வந்துடும். ஓடும்போது பின்னாடி படுக்கையில சாஞ்சுக்கிட்டு வர்றதெல்லாம் நடக்காது, எல்லாரும் சீட்ல பெல்ட்டோட. 7 வயசு முடியாத குழந்தைக்கு சைல்ட் சீட் கட்டாயம், அதையும் முன்னாடியே சொல்லி வைக்கணும்.

டீசல் வேன்னா இன்னொரு செலவு ஒளிஞ்சிருக்கு. அங்க டீசல் விலையில ரோடு வரி கிடையாது, பங்க்ல விலை கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்படுவோம், ஆனா ஓடின கிலோமீட்டருக்குத் தனியா வரி உண்டு. மூன்றரை டன்னுக்குள்ள உள்ள டீசல் வண்டிக்கு 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர்னு அரசாங்க ரேட். கம்பெனி அதை வண்டியைத் திருப்பிக் குடுக்கும்போது மீட்டரைப் பார்த்து வாங்கிக்கும், தெற்குத் தீவை ஒரு சுத்து சுத்தினா 2000 கிலோமீட்டர் சாதாரணமா ஓடிடும். இன்ஷூரன்ஸ்லயும் 'இந்த ரோட்டுக்குப் போனா பொறுப்பில்ல'ன்னு ஒரு பட்டியல் இருக்கும், குவீன்ஸ்டவுன் பக்கத்துல ஸ்கிப்பர்ஸ் ரோடும் வடக்குல நைன்ட்டி மைல் பீச்சும் அதுல வழக்கமா இருக்கும்.

அடிபட்டா என்ன ஆகும்னு வீட்டுல கேப்பாங்க. ஏசிசின்னு ஒரு அரசுத் திட்டம், 1974லேந்து நடக்குது, தப்பு யார் மேலன்னு பார்க்காம விபத்துக் காயத்துக்கு சிகிச்சை செலவுல உதவும், சுற்றுலா வந்தவங்களுக்கும் உண்டு. காய்ச்சல், நெஞ்சுவலி மாதிரி நோய்க்கு அது வராது, ஊருக்குத் திரும்பற செலவும் குடுக்காது, அதனால டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்காம ஏறாதீங்க.

கட்டுச்சோறு கட்டற நம்ம ஜனங்களுக்கு ஒண்ணு. வேன்ல கிச்சன் இருக்கேன்னு புளியோதரைப் பொடி, ஊறுகாய் எல்லாம் கொண்டு போவோம், ஏர்போர்ட் ஃபார்ம்ல உணவு இருக்குன்னு டிக் பண்ணி எடுத்துக் காட்டிடுங்க, சொல்லாம மறைச்சா அங்கேயே 400 டாலர். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வீட்டுலயே இருக்கட்டும்.

வண்டியைத் திருப்பிக் குடுக்கற அன்னிக்கு ஒரு மணி நேரம் சேர்த்து வச்சுக்கோங்க. டாய்லெட் கேசட்டையும் (கழிவு சேர்ற கழட்டக்கூடிய பெட்டி) அழுக்குத் தண்ணி டேங்கையும் டம்ப் ஸ்டேஷன்ல, அதாவது கழிவு கொட்டறதுக்குன்னே இருக்கற இடத்துல, காலி பண்ணிட்டுத்தான் குடுக்கணும், இல்லாட்டி கிளீனிங் சார்ஜ். கேசட்டை சாய்க்கும்போது அதுல இருக்கற சின்ன காத்து பட்டனை அமுக்கிட்டு மெதுவா ஊத்துங்க. எங்க வீட்டுல அந்த வேலை யாருக்குன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம், நாலு தடவையும் என் பேருதான் வந்துச்சு, சீட்டை எழுதினது என் பொண்ணு.