‘கன்ட்ரோல்’ என்றால் கட்டுப்படுத்துவதா, சரிபார்ப்பதா?

ஜெர்மன் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பதும், ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்லும் செவிலியர்களுக்கு அம்மொழியைக் கற்பிப்பதும் என் தொழில். இவ்விரண்டிலும் என்னை அதிகம் அஞ்சவைக்கும் சொல், எல்லோருக்கும் தெரிந்த ‘கன்ட்ரோல்’ என்ற ஆங்கிலச் சொல்தான்.

கோவைக்கு அருகிலுள்ள ஒரு பட்டறையில் ஜெர்மன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றின் ஆயில் சீல் அடிக்கடி கிழிந்துகொண்டிருந்தது. உடன் வந்த ஆங்கிலக் கையேட்டில் ‘கன்ட்ரோல் ஆயில் பிரஷர் டெய்லி’ என்றிருந்ததால், ஃபிட்டர் ஒவ்வொரு நாளும் ஷிப்ட் தொடங்கியவுடன் பிரஷர் ஸ்க்ரூவைச் சிறிது திருகி வந்தார். ஜெர்மன் மூலத்தை வரவழைத்துப் பார்த்தபோது, அங்கே இருந்த வினை ‘கொன்ட்ரோலீரென்’. தினமும் கேஜைப் பார்த்து அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்; ஸ்க்ரூவைத் தொடச் சொல்லவே இல்லை. ஃபிட்டர் மீது எந்தத் தவறும் இல்லை, எழுதியிருந்ததைத்தான் அவர் செய்தார்.

கணக்கைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த இரண்டாவது ஏட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லே கன்ட்ரோல், கொன்ட்ரோலீரென் இரண்டுக்கும் வேர். பிரெஞ்சும் ஜெர்மனும் சரிபார்ப்பு என்ற பொருளைப் பெரிதும் விடாமல் வைத்துக்கொள்ள, ஆங்கிலத்திலோ அது ஆளுதல், அடக்குதல் என்று வளர்ந்துவிட்டது. ரயிலில் பயணச்சீட்டைப் பார்க்க வருபவரின் வேலையும் ஜெர்மனில் ‘கொன்ட்ரோலே’தான். கைமீறிப் போவதைச் சொல்லவும் இதே பெயர்ச்சொல் அங்கே வழங்குவதால், இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிடவும் முடியாது. ஆனால் பராமரிப்புக் குறிப்பில் ஏவலாக வரும்போது பெரும்பாலும் ‘சோதித்துப் பார்’ என்றே கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குப் போகும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. பொறியாளர்கள் ‘கன்ட்ரோல்’ என்று சொல்வதற்கு ஜெர்மனில் இரண்டு வினைகள் உண்டு. நேரம் வந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, தொட்டி நிரம்பியதா என்று பார்க்காமலே நிறுத்திவிடும் டைமரின் வேலை ‘ஷ்டொயெர்ன்’. குளிர்நிலையை அளந்து, கூடிக் குறைவதற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் குளிர்பதனப் பெட்டியின் வேலை ‘ரேகெல்ன்’. இவ்வேறுபாட்டை டின் 19226 என்ற ஜெர்மன் தரநிலையே வரையறுத்திருந்தது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஓபன் லூப், இரண்டாவதற்கு குளோஸ்டு லூப் என்று அடைமொழி சேர்த்து இதைச் சொல்லலாம் என்றாலும், நடைமுறையில் அந்த அடைமொழியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அளந்த மதிப்பு இயந்திரத்தைத் திருத்தத் திரும்பி வருகிறதா என்று பொறியாளரிடம் கேட்காமல் நான் அந்த வரியை எழுதுவதில்லை.

மருத்துவமனையில் இதே குழப்பம் நோயாளியின் உடலைத் தொடுகிறது. ‘சுகர் கன்ட்ரோலில் இருக்கிறது’ என்று நாம் சொல்வதை ஜெர்மன் மருத்துவர் ‘குட் ஐன்கெஷ்டெல்ட்’, அதாவது நன்றாகச் சீரமைக்கப்பட்டுள்ளது, என்று எழுதுவார். அவருடைய குறிப்பில் இரத்தச் சர்க்கரையோடு ‘கொன்ட்ரோலே’ சேர்ந்து வந்தால், அளவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதைச் சர்க்கரை அடங்கிவிட்டது என்று படிக்கும் செவிலியர் எடுக்க வேண்டிய அளவை எடுக்காமல் விட்டுவிடலாம். என் மாணவிகளில் நன்றாக ஆங்கிலம் அறிந்தவர்களே இதில் முதலில் தடுமாறுகிறார்கள், ஏனெனில் தெரிந்த சொல்லை யாரும் அகராதியில் தேடுவதில்லை. ‘கொன்ட்ரோல்டெர்மீன்’ என்பது மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாள் என்பதையும் முதல் வாரத்திலேயே எழுதவைக்கிறேன்.

மற்ற இடங்களில் ஆபத்து குறைவு, சொற்கள்தான் வேறு: பூச்சிகளோடு போராட வேண்டும் என்பதால் பெஸ்ட் கன்ட்ரோலுக்கு, போராட்டம் என்று பொருள்படும் ‘பெகெம்ப்ஃபுங்’, தொலைக்காட்சியைத் தூரத்திலிருந்து இயக்குவதால் ரிமோட்டுக்கு ‘ஃபெர்ன்பெடீனுங்’.

அந்தப் பட்டறையின் பிரஸ்ஸில் இப்போது கேஜுக்குக் கீழே தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்: ‘அழுத்தத்தைத் தினமும் பார்த்துக் குறித்து வைக்கவும். ஸ்க்ரூவைத் திருகக் கூடாது.’